கடைசியாக ஆயில் மாற்றிய ஞாயிறு

நான் ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தேன் என்றால் கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவனுக்கு ஏது ஸ்போர்ட்ஸ் கார்? நியாயமான கேள்விதான். அது முழுக்க என்னுடையதும் இல்லை. பாதி என்னுடையது, பாதி என் நண்பனுடையது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் பழைய இங்கிலாந்து வண்டி. பெங்களூரில் யாரோ ஒரு பெரிய மனிதர் வைத்திருந்து அலுத்துப்போய், கை மாறி கை மாறி, கடைசியில் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் வந்து விழுந்திருந்தது. பழைய மோட்டார் ஒன்று தேடிப் போன நாங்கள் இருவரும் காரோடு திரும்பினோம். கடைக்காரர் பானட்டைத் தட்டிக்கொண்டே, "எஞ்சின் சென்னாகிதே. ஆயில் மாத்ர நோட்கொள்ளி" என்றார் கன்னடத்தில். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஆயிலை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

ஆயிலை மட்டும்தான் நாங்கள் பார்த்துக்கொண்டோம். மற்றதைப் பார்க்க எங்களால் ஆகாது. வண்டிக்குக் கர்நாடகா எண், தமிழ்நாட்டுக்கு மாற்றப் போதிய காகிதம் இல்லை. பெரிய சாலைக்குப் போனால் போலீஸ் பிடிக்கும். அதனால் பாகலூர் சாலையிலிருந்து பிரியும் கிராமத்து வழிகளில், குடைமிளகாய்த் தோட்டங்களுக்கு நடுவே, ஞாயிறு காலையில் ஒரு சுற்று. அவ்வளவுதான் எங்கள் பந்தயம். எருமை மாடு குறுக்கே வந்தால் அதுதான் முதல் பரிசு.

நண்பன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். நான் சாமல்பட்டிக்காரன். ஒரே கம்பெனியில், ஒரே காண்ட்ராக்டரிடம், ஒரே வாரத்தில் சேர்ந்தோம். கார்களுக்கான தகட்டுப் பாகங்களை அச்சில் வைத்து அடித்தெடுக்கும் கம்பெனி. அவன் பெரிய பிரஸ் எந்திரத்தில் நின்றான். நான் அடுத்த கொட்டகையில் அச்சுகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தேன். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசை வீடு. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, எனக்கு ஆகவில்லை. ஞாயிறு மதியம் அவன் மனைவி மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு தட்டு உண்டு. "ஓசூர்ல மீன்னு சொல்லி என்னத்தையோ விக்காங்கண்ணே" என்று முகம் சுளித்துக்கொண்டே பரிமாறும் அந்தப் பெண். எனக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அப்படித்தான் நினைத்தும் இருந்தேன்.

பிரஸ் கொட்டகையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. உள்ளே நுழைந்தால் பேச்சு கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் வெறும் காற்றுதான் போகும். அதனால் எல்லாரும் கையால் பேசுவார்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. கழுத்தில் டை கட்டுவது போலக் காட்டினால் ஷிப்ட் இன்சார்ஜ் வருகிறார், ஒழுங்காக நில். ஆறு மாதத்தில் எந்த ஊர்க்காரனும் இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்வான். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்ற சண்டையே அங்கே கிடையாது. ஆடிட் வரும் நாளில் மட்டும் எல்லாருக்கும் காதில் செருக மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். செருகினால் தலை வலிக்கிறது என்று நாங்களே சொல்வோம். எங்களை யாரும் ஏமாற்றவில்லை.

ஆயில் மாற்றும் வேலையும் கிட்டத்தட்ட இந்தப் பாஷையில்தான் நடந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட சேனல் இரும்பை வாங்கி, சாய்வாக இரண்டு ஏற்றம் பற்றவைத்திருந்தோம். முன் சக்கரங்களை அதில் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, நான் சாக்கு விரித்துக் கீழே புகுந்துவிடுவேன். அவன் மேலே. அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால், பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய கறுப்பு ஆயில் ஒரு கயிறு போலத் தகர டின்னில் இறங்கும். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா காலையிலேயே ஒரு பழைய தகரப் போணியோடு வந்து நிற்பார். கொல்லைக் கதவில் கரையான் ஏறாமலிருக்க அந்த ஆயிலைப் பூச வேண்டுமாம். "காரு எப்ப ஓடுமோ தெரியாது, ஆயில் மட்டும் நல்லா வருது" என்று அவர் தெலுங்கு வாடையோடு சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், நண்பன் சிரிப்பான்.

ஆயில் வடிந்ததும் ஃபில்டர். இப்போதைய வண்டிகளில் ஃபில்டரை அப்படியே திருகிக் கழற்றிப் புதிதாகத் திருகிவிடலாம். எங்கள் வண்டியில் அது ஒரு இரும்புக் கிண்ணம். உள்ளே காகித ஃபில்டர், கிண்ணத்தின் வாய் போய் உட்காரும் இடத்தில் எஞ்சினில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் வளையம். ஒவ்வொரு தடவையும் பழைய வளையத்தை நோண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். வைத்து வைத்துப் பழையது பள்ளத்தோடு பள்ளமாகக் கறுத்து ஒட்டிக்கொள்ளும். வளையம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புதியதை வைத்துவிட்டால், முறுக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். எஞ்சின் ஓடி ஆயில் அழுத்தம் ஏறும்போதுதான் வளையம் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். கீழே படுத்திருப்பவனுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. மேலிருந்து கையை விட்டால் எட்டும். அதனால் ஊக்கால் பழைய வளையத்தைக் கிளறி எடுப்பது எப்போதும் நண்பன் வேலை.

அந்த ஞாயிறு தூறிக்கொண்டிருந்தது. ஓசூரின் ஆடி மாதத் தூறல், மழையும் இல்லை, வெயிலும் இல்லை, எலும்புக்குள் ஈரம் மட்டும் இறங்கும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் மனைவி சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. ஆயிலை வடித்தாயிற்று, பாதியில் விடுவதா என்று பிடிவாதம் பிடித்தேன். என் பிடிவாதத்தைப் பற்றி என் அப்பாவுக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது.

கிண்ணத்தைத் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டு கீழிருந்து கேட்டேன்: "பழைய ரிங்க எடுத்துட்டியாடா?"

மேலேயிருந்து "ம்" என்று பதில் வந்தது.

கிண்ணத்தை வைத்து முறுக்கினேன். அவன் நாலு லிட்டர் புது ஆயிலை ஊற்றினான். எஞ்சினைப் போட்டு, ஒழுகுகிறதா என்று நான் கீழிருந்து பார்க்க வேண்டும். வழக்கமாக அவன் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் வண்டிக்கு வெளியே கையை நீட்டி, போடு, நிறுத்து என்று காட்டுவேன். "வாயால சொல்லாத மாப்ள, கையக் காட்டு" என்பான். பிரஸ் கொட்டகைக்காரன் புத்தி என்று நான் கேலி செய்வேன். அன்று தூறலுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டான். கூரையையும் இழுத்து விட்டிருந்தான். வண்டியின் அடித்தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்த அதிர்வு அவனுக்குத் தெரிந்தது, எஞ்சினைப் போட்டான். அதற்குள் ஆறிப்போன எஞ்சின், சும்மா விட்டால் அணைந்துபோகும். அதனால் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்திருந்தான்.

ஐந்தாறு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஆயில் என் முகத்தில் அடித்தது. ஒழுகவில்லை, பீய்ச்சியது. கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் ஆயில். "நிறுத்துடா! டேய், ஆஃப் பண்ணுடா!" என்று கத்தினேன். எஞ்சின் இன்னும் வேகமாகத்தான் ஓடியது. ஸ்பேனரால் சேஸிஸைத் தட்டினேன். ஓடும் எஞ்சினின் அதிர்வில் அந்தத் தட்டு எங்கே தெரியப்போகிறது? கண்ணைத் திறக்க முடியாமல், சாக்கு வழுக்க, பக்கவாட்டில் நெளிந்து வெளியே வருவதற்குள் எஞ்சினின் குரல் மாறிவிட்டது. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது மாதிரி டக் டக் டக் என்று ஒரு சத்தம். வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மா போணியோடு நின்று "ஐயோ, நிறுத்துப்பா" என்றார். அவன் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். தெருவுக்கே கேட்ட சத்தம், அதன் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக நிம்மதியாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிறீச்சென்று ஒரு இழுப்பு. எஞ்சின் தானாகவே நின்றது.

கதவைப் பிடுங்குவது மாதிரித் திறந்தேன். "ஏன்டா, உனுக்கு என்னா காது செவிடா? நான் அங்க கெடந்து கத்தறேன், நீ பாட்டுக்கு மெதிச்சிட்டே கீற!"

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தான். ஆயில் வழியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"ஆமா மாப்ள."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எதற்கெடுத்தாலும் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. அன்றோடு விட்டது.

தெரு அடங்கியபின் அவன் வீட்டு நடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். இடது காது போய் இரண்டு வருடம். வலது காதிலும் எப்போதும் ஒரு விசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அமைதியான இடத்தில், எதிரே உட்கார்ந்து பேசினால் முக்கால்வாசி பிடித்துக்கொள்வான். முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது ஏதோ சத்தம் என்பதுவரை தெரியும், என்ன வார்த்தை என்று தெரியாது. தெரியாததற்கெல்லாம் "ம்" போட்டுவிடுவான். நான் வளையத்தைப் பற்றிக் கேட்டதற்கு விழுந்த "ம்" அந்த வகைதான். பழைய வளையத்தை எடுக்க அவனும் அன்று மறந்துபோயிருந்தான். புதிதாக வாங்கிய செல்போனில் பேசாமல் எழுத்து எழுத்தாகத் தட்டி மெசேஜ் மட்டும் அனுப்புவானே, அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன்.

"கம்பெனில எப்பிடிடா ஒருத்தனுக்கும் தெரியல?" என்று அவன் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"உள்ள போய்ட்டா நீயும் நானும் ஒண்ணுதானடே. அங்க எவனுக்குக் கேக்கு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அவன் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். "அண்ணே, பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போவுதுன்னு பேசிக்கிடுதாங்க. காது போச்சுன்னு தெரிஞ்சா இவியள வச்சுக்கிட மாட்டாங்க. ஒங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய போயிரக் கூடாது" என்றாள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். நான் அவள் முகத்தைப் பார்த்து, "என் உசுரு மேல சத்தியம்" என்றேன். சத்தியம் செய்வதில் நான் எப்போதுமே தாராளம்.

காரை அதற்குப் பிறகு கிளப்பவே இல்லை. எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் பாத்திரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பேரிங் எல்லாம் தகடு தகடாக உதிர்ந்து கிடந்தது. இந்த ஊரில் அதற்கு மாற்றுக் கிடையாது. தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றத்தின் மேலேயே விட்டுவைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஒரு மாதம் கழித்து, அச்சு ஒன்றைக் கொடுக்க நான் பிரஸ் கொட்டகைக்குப் போயிருந்தேன். அவன் வண்டிப் பாதையைப் பிரிக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி, முதுகைக் காட்டிக் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். தகட்டுச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஃபோர்க்லிப்ட் பின்னோக்கி வந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தான். பிரஸ் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது. மற்ற இரண்டு பேர் ஒதுங்கினார்கள். இவன் ஒதுங்கவில்லை. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம். ஃபோர்க்லிப்ட்டின் பின்சக்கரம் அவன் டிபன் டப்பா மேல் ஏறி நின்றது. டிரைவர் இறங்கிவந்து ஓங்கி அறையப் போனான். நண்பன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று எனக்குக் கை காட்டிவிட்டு எந்திரத்துக்குத் திரும்பிப் போனான்.

இரண்டு நாளாக எனக்கு, அடுத்த தடவை நான் அங்கே இருக்க மாட்டேன் என்ற ஒரே நினைப்பு. மூன்றாம் நாள் ஷிப்ட் இன்சார்ஜ் அறைக்குப் போய் நின்றேன். நல்ல மனிதர், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். "சார், அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். வேலைக்காரன், கெட்டிக்காரன். ஸ்டோர்ஸுக்கோ இன்ஸ்பெக்‌ஷனுக்கோ மாத்திவுட்டீங்கன்னா நல்லா இருக்கும். நான் சொன்னேன்னு தெரிய வேணாம் சார்" என்றேன்.

"நீ சொன்னது நல்லதாப் போச்சுப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் காது டெஸ்ட் என்று கூட்டிப்போனார்கள். அதற்கடுத்த வாரம் அவன் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. காண்ட்ராக்ட் ஆள்தானே, கம்பெனி கடிதம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, காண்ட்ராக்டர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும். ஸ்டோர்ஸ் என்ற பேச்சே எழவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதர் என்ன செய்வார் என்று என் மனதின் ஏதோ ஒரு மூலைக்கு முன்பே தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். காண்ட்ராக்ட் ஆட்களை எப்படி நடத்துவார்கள் என்று தெரியாத பச்சைப்பிள்ளையா நான்? அந்த மாதமே பெர்மனென்ட் ஆர்டர் எனக்கு வந்தது.

அவன் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தான். ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளும் பைக்குமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். அருகில் வந்தவன் வாயைத் திறக்கவில்லை. விரலால் என்னைச் சுட்டினான். கழுத்தில் டை கட்டுவது போலக் காட்டினான். பிறகு நாலு விரலையும் உதட்டருகே வைத்து மூடித் திறந்தான். நீ இன்சார்ஜிடம் சொன்னாயா?

வாயால் கேட்டிருந்தால் ஏதாவது சுற்றி வளைத்திருப்பேன். உன் நல்லதுக்குத்தான், ஃபோர்க்லிப்ட், ஸ்டோர்ஸ் என்று அழுதிருப்பேன். கையில் அதற்கெல்லாம் வார்த்தை கிடையாது. ஆம் அல்லது இல்லை. நான் உள்ளங்கையை இடவலமாக ஆட்டினேன். இல்லை.

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். இரண்டு வருடமாக முகங்களைப் படித்தே பிழைத்தவன் அவன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். நான் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்துச் சாமான் ஏற்றியிருந்தார்கள். காரில் அவன் பங்கைக் கேட்கவும் இல்லை. சில மாதம் கழித்து வீட்டுக்காரம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு டிராக்டரில் ஏற்றி அதை இரும்புக்குப் போட்டேன். அவன் எண்ணுக்கு மூன்று நான்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று ஒன்றில்கூட எழுதவில்லை. எப்படி இருக்கிறாய், வேலை கிடைத்ததா என்று எழுதினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடம் போயிருக்கும். கல்லாவியில் ஒரு கல்யாணத்துக்குப் போக, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஊத்தங்கரை வண்டிக்காக நின்றிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் அவன் போய்க்கொண்டிருந்தான். நடையை வைத்தே தெரிந்தது. தோளில் ஒரு பெரிய பை. இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் அவன் மனைவி. என்னையறியாமல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நல்ல சத்தமாகத்தான் கூப்பிட்டேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. என் கை தானாக எழுந்தது, வணக்கமா, நில் என்பதா என்று எனக்கே தெரியாத ஒரு கை. அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவன் முழங்கையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்க வைத்தாள். அவன் எதற்கு அவசரம் என்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் எதிரே நின்ற சேலம் பேருந்தைக் காட்டினாள்.

இருவரும் ஏறிக்கொண்டார்கள். நான் கூப்பிட்டது அவனுக்கு இன்றுவரை தெரியாது.